கிராணியின் இடுப்பில் இன்று யார் கத்தி

ரப்பர் தோட்டத்துக் கணக்கெழுதும் மெய்யப்பக் கிராணிக்குக் கத்திப் பைத்தியம். கள்ளுப் பைத்தியம், சீட்டுப் பைத்தியம் என்றிருந்தால்கூட ஏழாங்கட்டைத் தோட்டத்து ஜனங்கள் போய்த் தொலையட்டும் என்று விட்டிருப்பார்கள். அதெல்லாம் அவர்கள் பார்க்காததா என்ன? இது மடக்குக் கத்திப் பைத்தியம். கூலிம் பாசாரிலோ, அலோர் ஸ்டார் கடைத்தெருவிலோ, மீன் வாங்கப் போன கோத்தா கோலா மூடாவிலோ, எங்கே ஒரு மடக்குக் கத்தி கண்ணில் பட்டாலும் மனுஷன் அதை வாங்காமல் வரமாட்டான். எருமைக் கொம்புப் பிடி, மரப்பிடி, பித்தளைப் பூண் போட்டது, வெள்ளைக்காரன் செய்த இரட்டை அலகு என்று சண்டை வருமுன்னே இருபது, இருபத்தைந்து சேர்த்துவிட்டான். இடுப்பு வாரில் ஒரு பித்தளைச் சங்கிலி. அதன் நுனியில் நாளைக்கு ஒரு கத்தி.

சேர்த்ததோடு நின்றால் தேவலை. அந்தக் கத்தியை வைத்து அவன் செய்யும் வேலை இருக்கிறதே, அதைப் பார்த்தவர்களுக்கு இரண்டு நாள் சோறு இறங்காது. காலையில் நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு காலாணியைச் சுரண்டுவான். சுரண்டியதை ஊதித் தள்ளுவான். நகத்திடுக்கு அழுக்கை எடுப்பான். பிறகு அதே அலகைக் கால்சட்டையில் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு வாழைப்பழத்தை வட்டம் வட்டமாக அரிந்து, கத்தி முனையாலேயே குத்தி வாயில் போட்டுக்கொள்வான். அந்த வீட்டில் ஆக்கிப்போட்ட மருதம்மாள்தான் சாயங்காலம் அந்தக் கத்தியைச் சாம்பல் போட்டுத் தேய்த்து எண்ணெய் தடவி வைக்க வேண்டும். அலகுக்கும் பிடிக்கும் நடுவே இருக்கும் பள்ளத்திலிருந்து ஈர்க்குச்சியால் அவள் எடுத்துப் போட்டது என்னவென்று கேட்காதீர்கள். சீ, சொல்லவே வாய் கூசுகிறது.

மருதம்மாள் ஏன் அங்கே வேலை செய்தாள் என்றால், அரிசிக்காக. வெள்ளைக்காரத் துரை மூட்டையைக் கட்டிக்கொண்டு ஓடிப்போய், ஜப்பான்காரன் வந்து உட்கார்ந்தபின் தோட்டத்துக்கே மெய்யப்பன்தான் ராஜா. கூலிகள் குடியிருந்த லயத்தில் எல்லாரும் மரவள்ளிக்கிழங்கைத் தின்று கால் வீங்கிக் கிடந்தார்கள். கிராணி வீட்டில் மட்டும் அரிசி வெந்தது. அவன் பெண்டாட்டி பிள்ளைகள் சண்டைக்கு முன்பே கப்பலேறி ஊருக்குப் போய்விட்டதால் ஆக்கிப்போட ஒரு ஆள் வேண்டியிருந்தது. ஆக்கிவிட்டு அடியில் ஒட்டியதை மருதம்மாள் வழித்துக்கொண்டு போகலாம். அந்தக் காந்தல் சோற்றில்தான் அவள் மகள் இராசாத்தி நாலு வயசைத் தாண்டினாள். அதுவும் லேசில் கிடைத்த வேலை இல்லை. கிராணிக்குச் சகுனம் பார்க்கும் வியாதியும் உண்டு. காலையில் கண் விழித்தால் பொட்டும் தாலியுமாக ஒரு முகம் எதிரே வர வேண்டும் என்பான். ஜப்பான்காரன் வந்தால் மட்டும் சகுனமாவது ஒன்றாவது, இடுப்பு ஒடிய வளைந்து, ஆமாம் என்பதற்கு அவன் பாஷையிலேயே 'ஹாய், ஹாய்' என்பான். லயத்துப் பெண்கள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரிப்பார்கள். அவர்கள் காதில் அது வேறு மாதிரித்தானே விழும்!

அந்தச் சிரிப்பெல்லாம் நாற்பத்து மூன்றாம் வருஷம் சித்திரையோடு போயிற்று. சயாமில் ரயில் போடுகிறார்கள், ஆள் வேண்டும் என்று உத்தரவு வந்தது. மூன்று மாசத்தில் திரும்பி வரலாம், சம்பளம், சோறு, துணி என்றார்கள். ஏழாங்கட்டையிலிருந்து முப்பத்தொரு ஆண்கள். பெயர் எழுதிக் கொடுத்தது யார் என்று சொல்லவும் வேண்டுமா? லாரி வரும் நாளைக்கு முந்தின நாள் கிராணி, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்று குரலைக் குழைத்துக்கொண்டு சொன்னான்:

"ரயில்ல கத்தி கித்தி பாத்தான்னா ஜப்பான்காரன் தலைய வாங்கிருவான்லா. எல்லாரும் எங்கிட்டக் குடுத்துட்டுப் போங்க. பேரெழுதிப் பத்திரமா வச்சிருக்கேன். வந்தோடன வாங்கிக்குங்க."

தோட்டத்தில் மடியில் ஒரு மடக்குக் கத்தி இல்லாத ஆம்பிளை கிடையாது. பாக்கு நறுக்க, புகையிலை அரிய, கயிறு அறுக்க, பழம் தோல் சீவ எல்லாவற்றுக்கும் அதுதான். மருதம்மாளின் புருஷன் அழகேசன் வைத்திருந்தது மான்கொம்புப் பிடி. இரண்டு பக்கமும் வெள்ளிப் பூண். அவன் அப்பன் கப்பலில் மடியில் முடிந்து கொண்டுவந்தது. கிராணி அதை மூன்று தடவை கேட்டிருக்கிறான். பால் நிறைய வரும் நல்ல நிரையில் மரம் தருகிறேன் என்றுகூட ஆசை காட்டினான்.

"எங்கப்பன் கத்திங்கையா. இதைக் குடுத்தா அடுத்து எங்கப்பனைக் கேப்பீங்க" என்று அழகேசன் ஆட்கள் முன்னாலேயே சொல்லிவிட்டான். எல்லாரும் சிரித்தார்கள். கிராணியும் சிரித்தான். ஆனால் அவன் அதை மறக்கிற ஜாதி இல்லை.

லாரி வரும் அன்று காலை அழகேசன் அந்தக் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தான். அடுத்த வீட்டு ராமையா உள்ளே வந்தான். இருவரும் ஒரே வயசு, ஒரே நிரையில் பால் வெட்டியவர்கள்.

"இதை நீ உம் பேர்ல குடுக்காதடா" என்றான் ராமையா. "கத்தி கெடைச்சிருச்சுல்ல, இனிமே நீ திரும்பி வரப்படாதுன்னு அந்த நாயி சாமிக்கே நேந்துக்கும். எங்கிட்டக் குடு. என்னுதை நீ வச்சுக்க. நான் வந்து கேட்டு வாங்கறேன், எப்பிடிக் குடுக்காமப் போறான் பாப்போம்."

ராமையாவின் கத்தி முனை ஒடிந்த சாதாரண மரப்பிடிக் கத்தி. இருவரும் மாற்றிக்கொண்டார்கள். மூட்டை கட்டிக்கொண்டிருந்த மருதம்மாள் பார்த்தாள். ராமையாவின் பெண்டாட்டி ராக்காயி பின்னால் கிழங்கு அவித்துக்கொண்டிருந்தாள், அவளுக்கு இது தெரியாது.

களத்தில் கிராணி மேசை போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு கத்தியிலும் பெயரெழுதிய காகிதத் துண்டை நூலால் கட்டி பிஸ்கட் டின்னில் போட்டான். ராமையா நீட்டியதும் அவன் கண் விரிந்தது.

"ஏண்டா, இது அழகேசன் கத்தியில்ல?"

"என் சாவலைக் குடுத்து நேத்து வாங்கிட்டேங்க."

கிராணி பல்லைக் காட்டிக்கொண்டு 'ராமையா' என்று எழுதிக் கட்டினான். முனை ஒடிந்ததில் 'அழகேசன்' என்று எழுதினான். சுற்றிலும் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுத சத்தத்தில் இந்தப் பேச்சு மேசைக்குப் பக்கத்தில் நின்ற மருதம்மாள் காதில் மட்டுமே விழுந்தது. லாரி கிளம்பிற்று.

பத்திரமா வைப்பேன் என்ற பயல் மறுநாளே வெள்ளிப் பூண் கத்தியைச் சங்கிலியில் மாட்டிக்கொண்டு வந்தான், வெட்கங்கெட்டவன். நாலாம் நாள் அது அவன் கட்டை விரலைக் கிழித்தது. விரல் பழுத்துச் சீழ் வைத்து, பலாச்சுளை மாதிரி வீங்கிற்று. பயந்துபோய்ப் பூசாரியிடம் ஓடினான். கத்தியைச் சும்மா வாங்கக் கூடாது, ஒரு காசாவது கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்பது லயத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். காசு கொடுக்காமல் வாங்கினால், கொடுத்தவன் உயிரோடு இருக்கும்வரை அந்தக் கத்தி அவனுக்குத்தான் விசுவாசமாக இருக்கும், எடுத்தவன் கையை வெட்டும் என்று பூசாரி சொல்லி வேப்பிலை அடித்து அனுப்பினார். கிராணி நடுநடுங்கிப்போய் முப்பத்தொரு கத்தியையும் டின்னுக்குள் போட்டு மூடினான். தன் பழைய கத்திகளையே மாட்டிக்கொண்டான்.

ஆடியில் கூலிமிலிருந்து ஒரு கடுதாசி வந்தது. அதைப் படித்துவிட்டு அடுப்பில் போட்டான். மறுநாள் காலை டின்னைத் திறந்து முனியாண்டியின் எருமைக் கொம்புக் கத்தியை எடுத்துப் பெயர்த் துண்டைப் பிய்த்து அடுப்பில் எறிந்துவிட்டு, சங்கிலியில் மாட்டிக்கொண்டு பெரட்டுக்குப் போனான். மருதம்மாளுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. ஆவணியில் இன்னொரு கடுதாசி. மறுநாள் சுப்பிரமணியத்தின் கத்தி. அன்று சாயங்காலம் அதைச் சாம்பல் போட்டுத் தேய்க்கும்போது அவளுக்குச் சுரீரென்று உறைத்தது. உயிரோடு இருப்பவன் கத்தியைத் தொட இவனுக்குத்தான் தொடை நடுங்குமே. அப்படியென்றால்? அவள் கத்தியைக் கீழே போட்டுவிட்டுக் கையை மண்ணில் தேய்த்தாள். எவ்வளவு தேய்த்தும் அருவருப்பு போகவில்லை.

ராக்காயியிடம் மட்டும் சொன்னாள். ராக்காயி நம்பவில்லை. பத்து நாள் கழித்துச் சயாமிலிருந்து தப்பி வந்த ஒருவன், எலும்பும் தோலுமாக, ஆற்றோரம் தண்ணீர் குடிக்க உட்கார்ந்தான். எந்தத் தோட்டம், யார் யார் என்று விசாரித்தபோது ஏழாங்கட்டை முனியாண்டி பேதியில் போனதையும், சுப்பிரமணியம் கால் புண் அழுகிப் போனதையும் தானாகவே சொன்னான். அதற்குப் பிறகு நம்பாமல் என்ன செய்வது? விஷயம் லயம் முழுக்கப் பரவிற்று. கிராணிக்கு மட்டும் தெரியாது.

அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் பெரட்டில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் கிராணியின் இடுப்பைப் பார்த்தார்கள். அவன் பழைய கத்தி என்றால் ஒரு பெருமூச்சு. புதிது என்றால் கூட்டத்தில் எங்காவது ஒருத்தி அப்படியே மடிந்து உட்காருவாள். வாய்விட்டு அழுதால் கடுதாசி விஷயம் தெரிந்துவிட்டது என்று கிராணி உஷாராகி, அப்புறம் ஒன்றும் தெரியாமல் போய்விடுமே என்று, களத்தில் அழாமல் கிழங்குக் காட்டுக்குப் போய் அழுவார்கள். அந்தப் பொறுக்கி என்ன நினைத்தான் தெரியுமா? பெண்கள் தன் இடுப்பைப் பார்க்கிறார்கள் என்று பூரித்துப்போனான். தலைக்கு எண்ணெய் வைத்து வகிடெடுத்துக்கொண்டு, கத்தி தெரியும்படி பக்கவாட்டில் திரும்பி நின்றான். இப்படி ஒரு ஜென்மம்!

மார்கழிக்குள் ஒன்பது கத்தி ஆயிற்று, மாட்டி அலுத்ததைத் துண்டில்லாமல் டின்னிலேயே போட்டுவைத்தான். மருதம்மாள் தினமும் டின்னைத் துடைப்பதுபோலத் திறந்து பார்த்துக்கொள்வாள். முனை ஒடிந்த மரப்பிடிக் கத்தி, கழுத்தில் பெயர்த் துண்டோடு, அப்படியே கிடக்கும். அதற்கு எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. துண்டு இருந்தால் புருஷன் இருக்கிறான்.

தை பிறந்து நாலாம் நாள் காலை. முந்தின நாள் ஒரு கடுதாசி வந்திருந்தது. மருதம்மாள் சோளக் காப்பியைக் கொண்டுபோய் வைத்தபோது கிராணி டின்னை மடியில் வைத்துக் கிளறிக்கொண்டிருந்தான். கை வெளியே வந்தது. வெள்ளிப் பூண்.

தினமும் புருஷன் மடியில் பார்த்த கத்தி அல்லவா? கிராணி பெயர்த் துண்டைப் பிய்த்தான். அப்போதுதான் நினைவு வந்தது. அதில் எழுதியிருந்தது ராமையா பெயர். போனது ராமையா. அழகேசன் இல்லை. முனை ஒடிந்தது டின்னுக்குள்தான் கிடக்கிறது. "அப்பாடா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

"என்ன அப்பாடா?" என்றான் கிராணி, கத்தியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து இளித்தபடி.

"ஒண்ணுமில்லீங்க, சூடு" என்றாள். அப்பாடா என்று சொன்ன நாக்கைப் பிடுங்கி எறியலாம்போல இருந்தது. நான் வந்து கேட்டு வாங்கறேன் என்று தன் புருஷனுக்காகப் பெயர் மாற்றிக் கொடுத்த மனுஷன் செத்துக் கிடக்கிறான். இவளுக்கு அப்பாடாவாம்.

கிராணி முன்னே போக இவள் பின்னே போனாள். எப்படி ராக்காயி முகத்தைப் பார்ப்பது என்று வழியெல்லாம் தவித்தாள். அந்தத் தவிப்புக்கே இடமில்லாமல் போயிற்று. களத்தில் பெண்கள் கிராணியின் இடுப்பைப் பார்த்தார்கள். மான்கொம்பு, வெள்ளிப் பூண். அழகேசன் கத்தி என்று யாருக்குத்தான் தெரியாது? எல்லா முகமும் ஒருசேர மருதம்மாள் பக்கம் திரும்பிற்று. முதலில் ஓடி வந்தவள் ராக்காயி.

"அய்யோ, என் தங்கமே! ஒம் பொழப்பு போச்சேடி! அந்தப் பச்ச மண்ணுக்கு இனி யாருடி?"

கட்டிப்பிடித்துக்கொண்டு ராக்காயி கதறினாள். களத்தில் அழக் கூடாது என்ற கட்டுப்பாடெல்லாம் பறந்துபோயிற்று. மருதம்மாள் மரக்கட்டைபோல நின்றாள். சொல்ல வேண்டும், சொல்ல வேண்டும் என்று தொண்டைவரை வந்தது. என் தாலி இல்லை அக்கா, உன்னுடையது, என்று எப்படிச் சொல்வது? கட்டிக்கொண்டு அழுகிறவள் காதில் எந்த வாயால் சொல்வது?

கிராணி திகைத்துப்போனான். பெண்களின் கண்ணையும் தன் இடுப்பையும் மாறி மாறிப் பார்த்தான். மரமண்டைக்கு இப்போதுதான் ஏறிற்று. சட்டென்று கத்தியைக் கையால் மூடினான். "என்ன, என்ன சத்தம்? யாரு என்ன சொன்னா?" என்றான். இவர்கள் அழுவது அழகேசனுக்கு என்று புரிந்ததும் கையை மெல்ல எடுத்துவிட்டான். "பாவம்" என்று மருதம்மாளைப் பார்த்துச் சொன்னான். செத்தது யார் என்று நன்றாகத் தெரிந்தவன், வாய் கூசாமல் பாவம் என்றான்.

லயத்தில் மூத்தவள் மாரியம்மா, தானும் புருஷனை இழந்தவள், மருதம்மாளை வாசலில் உட்கார வைத்தாள். "தாலிய பதினாறு கும்பிட்டு எடுத்துக்குவோம். பொட்டு இருக்கப்படாது" என்று ஈரத் துணியால் நெற்றியைத் துடைத்தாள். மருதம்மாள் குனிந்த தலை நிமிரவில்லை. இப்போது சொல்லிவிடலாம் என்று ஒரு தடவை வாயைத் திறந்தாள். அந்த நேரம் ராக்காயி ஒரு கும்பாவில் சோறு கொண்டுவந்தாள். எந்தப் பானைக்கடியில் எத்தனை மாசம் ஒளித்துவைத்த அரிசியோ, ஒரு கைப்பிடி. அவுக வந்ததும் முதல் நாள் சோறு போடணும் என்று சேர்த்துவைத்தது என்று லயத்தில் எல்லாருக்கும் தெரியும். இராசாத்தியை மடியில் இருத்தி அவளே ஊட்டினாள். குழந்தை ஆசை ஆசையாகத் தின்றது. மருதம்மாள் திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

மத்தியானம் கிராணி ஆள் விட்டான். பொட்டில்லாத முகத்தோடு வேலைக்குப் போகலாமா என்று யோசித்துக்கொண்டே போனாள். அவன் சாய்வு நாற்காலியில் பப்பாளிப் பழத்தை வெட்டிக்கொண்டிருந்தான். அதே கத்திதான்.

"நீ அழுவல" என்றான். "நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். எல்லாவளும் அழுதாளுக, நீ அழுவல. இந்தக் கத்திய யாரு குடுத்தான்னு ஒனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

அவள் கீழே கிடந்த பப்பாளித் தோலைப் பொறுக்கினாள்.

"இப்ப அவளுக அழுவுறது தப்புக் கணக்கு, நாளைக்குப் பொய்யின்னு போயிரும். ராக்காயி கத்துனான்னா கடுதாசி எங்க, எப்ப வந்துச்சுன்னு எல்லாங் கெளம்பும். செத்த கணக்கை வெளிய விடாதேன்னு ஜப்பான்காரன் உத்தரவு. அடுத்த மாசம் இன்னும் பத்துப் பேரு அனுப்பணும். இதெல்லாம் தெரிஞ்சா எவன் லாரி ஏறுவான்? நீ இப்பிடியே இரு. அழகேசன் வந்தா வந்துட்டுப் போறான், பொட்டை மறுபடி வச்சுக்க, என்ன கெட்டுப்போச்சு? ஒனக்கு அரிசி ரெண்டு பங்கா தரேன்."

சொல்லிவிட்டுக் கத்தி முனையில் ஒரு பப்பாளித் துண்டைக் குத்தி நீட்டினான். அவள் கை தானாக நீண்டு வாங்கிற்று. வாயும் தானாகத் திறந்து வாங்கிக்கொண்டது. கிழங்கைத் தின்று தின்று செத்துப்போயிருந்த நாக்கில் இனிப்பு பட்டதும் கண்ணைச் சொருகிற்று. ஒரு கடி கடித்த பிறகுதான் உறைத்தது. காலாணி சுரண்டுகிறவன் கை, செத்தவன் பெயரைப் பிய்த்துப்போட்டு எடுத்த கத்தி, ராக்காயியை ஏய்ப்பதற்குக் கூலியாக ஒரு துண்டு பழம். இதைத் தின்றுவிட்டால் இவனுக்கும் தனக்கும் என்ன வித்தியாசம்? பின்கட்டுச் சாம்பல் குழியில் போய்க் குடல் வெளியே வருகிறமாதிரி வாந்தி எடுத்தாள்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தபோது கிராணி தின்ற வாயைக்கூடத் துடைக்காமல் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். மருதம்மாள் பிஸ்கட் டின்னை எடுத்துத் தலையில் வைத்தாள். பட்டப்பகலில், வாசல் வழியாகவே, லயத்துக்கு நடந்தாள்.

களைக்கொத்தைப் போட்டுவிட்டுப் பெண்கள் வந்து சூழ்ந்தார்கள். அவள் வாசலில் முந்தானையை விரித்து டின்னைக் கவிழ்த்தாள். ஒவ்வொரு கத்தியையும் லயமே அறியும். "இந்தா தங்கமணி பொஞ்சாதி, துண்டு இருக்கு, ஆளு இருக்காரு" என்று எடுத்துக் கொடுத்தாள். துண்டில்லாத ஒன்பது கத்திகளை, ஏற்கெனவே அழுது முடித்த ஒன்பது பேரும் ஒன்றும் பேசாமல் வந்து எடுத்துக்கொண்டார்கள். முனியாண்டி பெண்டாட்டி கத்தியை முகர்ந்து பார்த்துவிட்டுச் "சீ, அவன் நாத்தம் அடிக்குது" என்று தன் சேலையால் தேய் தேய் என்று தேய்த்தாள்.

"அடியேய்! யாரக் கேட்டுடி எடுத்த?" என்று கத்திக்கொண்டு கிராணி ஓடி வந்தான். அவனுடைய இடுப்பில் வெள்ளிப் பூண் ஆடிற்று. லயத்து முனையைத் திரும்பியதும் அப்படியே நின்றுவிட்டான். இருபது, முப்பது பெண்கள். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு மடக்குக் கத்தி. சிலது விரிந்திருந்தது. யாரும் ஒரு அடிகூட எடுத்து வைக்கவில்லை, அவனைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். ஐயாவுக்கு அங்கே வரவும் முடியவில்லை, முதுகைக் காட்டித் திரும்பிப் போகவும் தைரியமில்லை.

விரித்த முந்தானையில் கடைசியாக ஒரே ஒரு கத்தி கிடந்தது. மரப்பிடி, முனை ஒடிந்தது. ராக்காயி குனிந்து பார்த்தாள். கையில் எடுத்தாள். கழுத்திலிருந்த துண்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது எங்க அவுகளுது" என்றாள். "துண்டு இருக்குடி. எங்க அவுக இருக்காக!" சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொட்டழித்து உட்கார்ந்திருப்பவள் எதிரே சந்தோஷப்பட்டுவிட்டோமே என்று அவள் முகம் சுருங்கிப்போயிற்று. "மன்னிச்சுக்கடி மருது. பாவி நான், தெரியாம வாயில வந்துருச்சு."

அதற்குமேல் மருதம்மாளால் தாங்க முடியவில்லை.

"அக்கா, அது அண்ணன் குடுத்த கத்தி இல்ல. லாரி ஏறுன அன்னிக்கிக் காலையில ரெண்டு பேரும் மாத்திக்கிட்டாங்க. இது எங்க வீட்டுக்காரரு பேர்ல குடுத்தது. கிராணி இடுப்புல தொங்குதே, அதுதான் ராமையா அண்ணன் குடுத்தது."

ராக்காயி கிராணியின் இடுப்பைப் பார்த்தாள். கையிலிருந்த கத்தியைப் பார்த்தாள். மெல்ல மெல்லத்தான் அவள் முகத்தில் அது ஏறிற்று. மாரியம்மா அவள் தோளைப் பிடிக்க வந்தாள். ராக்காயி கையைத் தட்டிவிட்டாள்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"காலையில. அவன் எடுத்து மாட்டுனப்பவே."

"அப்ப நான் ஒன்னியக் கட்டிப்புடிச்சு அழுதப்ப?"

"தெரியும்க்கா."

"மாரியம்மா பொட்டை அழிச்சப்ப?"

"தெரியும்."

"ஒம் மவளுக்குச் சோறு ஊட்டுனனே, எங்க அவுகளுக்குன்னு வச்சிருந்த அரிசி, அப்ப?"

மருதம்மாள் தலையை மட்டும் ஆட்டினாள்.

கிராணி பத்தடி தள்ளி அங்கேயேதான் நின்றிருந்தான். ராக்காயி அவன் பக்கம் திரும்பவே இல்லை. மருதம்மாளின் முகத்தில் காறித் துப்பினாள். அதற்குப் பிறகுதான் மண்ணில் விழுந்து புருஷனுக்காக அழ ஆரம்பித்தாள்.